புகார் சொல்ல ஒருவர்

புதிய கவுன்சிலர்களுக்கான பயிற்சி முகாமில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கண் சொருகியது.

"ஒரு சின்ன நாடகம் போடலாம்" என்ற பயிற்சியாளர், தையல் கடைக்காரராக இருந்து கவுன்சிலரானவரை மேடை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு மைக்கில் கேட்டார்: "இவர்கிட்ட யாரு புகார் சொல்லப் போறீங்க? முன்னால வாங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த பெண், விறுவிறுவென்று மேடைக்கே போய்விட்டாள்.

"சாக்கடை அடைச்சு ஒரு மாசமாச்சு சார். தண்ணி அடுப்படி வரைக்கும் வருது. நேத்து என் மாமியார் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாம படுத்திருக்காங்க. ஓட்டுக் கேக்க மட்டும் எங்க வீடு தெரிஞ்சுதா?"

அரங்கம் தூக்கம் கலைந்து சிரித்தது. தையல்காரரும் சளைக்கவில்லை. எழுந்து கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நாளைக்குக் காலைல ஆளோட நானே வந்து நிக்கறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது.

"அடடா, என்ன நடிப்பு! நீங்க எந்த வார்டு கவுன்சிலர்மா?" என்றார் பயிற்சியாளர்.

"நான் கவுன்சிலர் இல்லீங்களே! ஆபீஸுக்குப் புகார் சொல்லப் போனேன். கவுன்சிலருங்க எல்லாம் இங்க இருக்காங்கன்னு அனுப்பினாங்க." அவள் குரல் இறங்கியது. "அப்போ, இவர் வரேன்னு சொன்னதும் நடிப்புதானா?"

தையல்காரர் மேடையை விட்டு இறங்கி, அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குன்னு சொன்னேன் பாருங்க, அது நடிப்புதாம்மா. வாங்க, இப்பவே போகலாம்."