அரிசி டிரம்மில் ஒரு பம்பு

"அரிசி டிரம்முக்குள்ள போயி யாருங்க இன்ஹேலரை வெப்பாங்க?" என்று கேட்டார் குழந்தைகள் டாக்டர் சாய்ப்ரியா.

"நான்தானுங்க. நேத்து ஒரம்பரைக வந்திருந்தாங்க. பாத்துப்போடுவாங்கன்னு ஒளிச்சு வெச்சேன். அப்புறம் எங்க வெச்சேன்னே மறந்துபோட்டேன். இன்னைக்குக் காலையில அரிசி அள்ளறப்பத்தான் கெடச்சுது," என்றான் ஷாஹுல்.

ஒளித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அத்தர்க் கடைக்காரன் வீடு மணக்காமல் இருக்கலாமா என்று, கடையில் இருப்பதிலேயே உசத்தியான சாம்பிராணியை எடுத்துவந்து கூடம் முழுக்கப் புகை போட்டான். விருந்தாளிகள் மெச்சினார்கள். ஏழு வயது மகள் சமீராவுக்குத்தான் மூச்சு இழுத்துக்கொண்டது.

"இன்ஹேலர் இல்லாம எப்படிங்க சமாளிச்சீங்க?"

ஷாஹுல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நம்ம கடைத் தைலமுங்க. நெஞ்சுல ரெண்டு சொட்டு தேச்சேன். காத்தாட இருக்கட்டும்னு இவ மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. கால் மணி நேரத்துல பாப்பா சிரிச்சுட்டே எறங்கி வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், இந்தப் பம்பே வேண்டாமுங்க."

'இவ' என்று அவன் கைகாட்டிய மனைவி ஃபஹீமா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைலத்துக்கெல்லாம் மூச்சுக்குழாய் விரியாதுங்க. எனக்கு அதுதான் புரியல," என்றார் டாக்டர். "மாத்திரைன்னா ஒடம்பெல்லாம் சுத்தி வரும். இது நேரா நுரையீரலுக்குப் போற துளி மருந்து. பழக்கமாயிரும்னு பயப்பட வேண்டாம். தினமும் போடச் சொன்ன பம்பை, நல்லா இருக்கறப்பவும் நிறுத்தக் கூடாது. ஊட்டுல வேற யாருக்காச்சும் வீசிங் இருக்குதுங்களா?"

"எங்க பரம்பரையிலேயே இல்லீங்க. இவளும் இரும்பு மாதிரி. பதினொரு வருஷத்துல ஒரு இருமல் கேட்டதில்ல. என்ன, என் கடைக்குள்ள மட்டும் காலெடுத்து வெக்க மாட்டா. சாப்பாட்டுக் கேரியரை வாசல்லயே குடுத்துட்டுத் திரும்பிருவா. யாவாரத்துல தலையிடாத கொணமுங்க."

அவளுடைய குணத்துக்கு இன்னொரு சான்றும் அவனிடம் இருந்தது. வீட்டில் சாம்பிராணி போட்டால் போதும், மாடியில் துணி எடுக்கும் வேலை அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். அவ்வளவு பொறுப்பு.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு என்னதானுங்க பயம்?"

ஷாஹுலின் குரல் இறங்கியது. "பொம்பளப் புள்ளைங்க. பம்பு போடறான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க? யாருக்குன்னு சொல்லாம எத்தனையோ பேருகிட்டக் கேட்டுட்டேன். ஒருத்தரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க."

டாக்டர் சமீராவின் தலையைத் தடவிவிட்டார்.

ஃபஹீமா கைப்பையைத் திறந்தாள். நீல நிறப் பம்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நேத்து மாடியில பாப்பாவுக்குக் குடுத்தது இதுதானுங்க டாக்டர்," என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஒம்பதாவது படிக்கறப்ப இருந்து போடறேன். யாரு கட்டுவாங்கன்னு கேட்டீங்கல்ல? நீங்கதானுங்க கட்டுனீங்க."