ராட்டினச் சீட்டில் குடும்பத் தலைவர்

கேளிக்கைப் பூங்காவின் வாசலில் கையில் பட்டை கட்டியதும், அதில் ஒளிர்ந்த முன்பதிவைப் படித்த ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. 'ராட்சத ராட்டினம், பதினொன்று இருபது, ஆறு பேர். குடும்பத் தலைவர்: பொற்கொடி.'

பொற்கொடி அவருடைய மருமகள். நாற்பது வருஷமாக அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு விசேஷம் நடந்ததில்லை.

"லே திருமலை, உம் பொண்டாட்டி சீட்டுல எப்ப எம் பேர மாத்துனா?" என்று மகனிடம் சீறினார்.

"நான் போனையே தொடலை மாமா," என்றாள் பொற்கொடி.

"தொடாம எப்படிம்மா வரும்? பூதமா வந்து எழுதிட்டுப் போச்சு?"

வாசலில் நின்ற பணிப்பெண் சிரித்தாள். "யாரும் எழுத வேண்டாம் சார். காரை விட்டு இறங்குனதுலேருந்து கேமரா பார்க்குது. எல்லாரும் யார் முகத்தப் பார்த்துப் பார்த்து நடக்குறாங்களோ, முன்பதிவுல கொடுத்த படத்தோட ஒத்துப் பார்த்து அவங்க பேருல சீட்டுப் போட்டுரும்."

"உங்க கேமரா கண்ணுல பூ விழுந்திருக்கு. கிளம்புங்க எல்லாரும்! நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் இங்க ஏறக் கூடாது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். இருபதடி போன பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தமே இல்லை என்பது உறைத்தது. திரும்பினார். மனைவி, மகன், பேரன், பேத்தி நால்வரும் நின்ற இடத்திலேயே நின்று பொற்கொடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ராட்டினத்தைப் பார்த்தாள், பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

என்ன சொல்லப்போகிறாளோ என்று ஆவுடையப்பனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.