நான்காவது வார்த்தை

டக்.

மரக்கட்டை டப்பாவில் விழுந்தது.

அவள் விசையைத் தொடவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தம் புகாத சின்ன அறை. உள்ளே மூன்றரை வயது கனிஷ்கா, தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும். கேட்காதவரை காதோரம் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஜாடையில் சொல்லிக் கொடுத்ததும் பிள்ளை கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள். பதினோரு வருஷமாகக் காது பரிசோதிப்பதுதான் வேலை.

சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி மேக்ஸிமம் வரை கொண்டுபோய்விட்டாள். அந்தச் சத்தத்துக்குச் செத்த பிணமும் எழுந்து உட்காரும். கனிஷ்காவின் இமைகூட ஆடவில்லை.

நிறுத்திய பிறகுதான் கட்டை விழுந்தது.

காது எவ்வளவு மந்தம் என்று குறிக்க ரிப்போர்ட்டில் நான்கு வார்த்தைகள் அச்சடித்திருக்கும். மைல்ட். மாடரேட். சிவியர். ப்ரொஃபவுண்ட்.

முதல் மூன்றுக்கும் தமிழில் ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவாள். நான்காவதைச் சொல்லும்போது மட்டும் பெற்றவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். அதுக்கு மேல என்னங்க மேடம் என்பார்கள். அதற்கு மேல் வார்த்தை கிடையாது. இங்கிலீஷ்காரனே அதோடு நிறுத்திக்கொண்டான்.

கனிஷ்காவின் அம்மா சத்யகலாவுக்கு நான்கு வார்த்தைகளும் மனப்பாடம். எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கியவள். உள்ளே போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மூணாவதாவே இருக்கட்டுமுங்க மேடம்."

டக்.

பிள்ளைகள் அலுத்துப்போனால் கட்டையைச் சும்மாவே போடும். இது அப்படி இல்லை. காதோரம் வைத்து, தலையைச் சாய்த்து, உன்னிப்பாய்க் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். பதினோரு வருஷம் பார்த்தவளுக்கு அது தெரியாதா என்ன.

ஹெட்போன் வயரையே மெஷினிலிருந்து பிடுங்கினாள்.

டக்.

எழுந்து கண்ணாடிக்குக் கிட்டப் போனாள்.

அப்போதுதான் சத்யகலாவைப் பார்த்தாள். குழந்தைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அசையக் கூடாது, வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்தது. சொன்னபடியேதான் இருந்தாள். நடுவில் எப்போதாவது தொண்டை மட்டும் ஏறி இறங்கியது, எதையோ விழுங்குவது போல.

ஏறி இறங்கியது.

டக்.

பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரியவும் வழியில்லை. பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்தது.

அவள் மைக்கை அழுத்தினாள். குரல் உள்ளே அறையின் ஸ்பீக்கரில் கேட்கும்.

"இப்ப மனசுல என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

டக்.

சத்யகலா எட்டி டப்பாவைப் பார்த்தாள். இந்தப் பக்கம் பிடுங்கிப் போட்டிருந்த வயரையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இது பொறக்காமயே இருந்திருக்கலாம்னுங்க."

டப்பா பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள். திறந்து வைத்த பேனா கையிலேயே இருந்தது. இதற்கு அந்த நான்கில் எந்த வார்த்தையை எழுதுவது?

"வேற நெனைக்கிறனுங்க." சத்யகலா அவசர அவசரமாகச் சொன்னாள். "இப்பப் பாருங்க மேடம். இப்பப் பாருங்க."

கண்களை இறுக மூடிக்கொண்டாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

என்ற தங்கம். என்ற சாமி. என்ற கண்ணு.

கனிஷ்கா புதுக் கட்டை ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்தாள். தலையைச் சாய்த்தாள்.

என்ற தங்கம். என்ற தங்கம்.

கட்டை விழவில்லை.

சத்யகலாவின் மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. உதடுகள் நிற்கவில்லை. காது மட்டும் டப்பாவின் பக்கமே இருந்தது.

பிள்ளை காத்திருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூடச் செய்யாததை அன்று செய்தாள். கண்ணாடிக்கு அருகே குனிந்து, கனிஷ்காவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையால் ஜாடை காட்டினாள்.

போட்டுவிடு. இந்த ஒரு தடவை.

கனிஷ்கா அவளையே பார்த்தாள்.

இல்லை என்று தலையாட்டினாள்.

பிறகு கட்டையைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.