யூசுப் வாங்கிய திட்டு

"யூசுப், உனக்கு ரேடியோகிராமும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல."

எங்க வீட்டுக்காரர் எபனேசர்தான் சொன்னார். அதுவும் எங்க பையன் பிளஸ்ஸனை பக்கத்துல வச்சுக்கிட்டே. எனக்கு உடம்பே கூசிப் போச்சு.

யூசுப் பாய் நாச்சாரத்துல ரிப்பேர் கடை வச்சிருக்கார். எங்க பெரியவ கல்யாணத்துக்கு மைக் செட் போட்டதே அவர்தான். அன்னைக்குன்னு கரண்ட் போய், இருட்டுல சமையல்காரன் பாயசத்துல உப்பை அள்ளிப் போட்டு... சரி, அது எதுக்கு இப்ப.

விஷயம் இதுதான். பிளஸ்ஸன் கம்பெனி வேலையா ஆறு மாசம் அமெரிக்கா போயிருந்தான். வரும்போது அப்பாவோட பழைய ரேடியோகிராமுக்குன்னு, அதான் ரேடியோவும் ரெகார்டு பிளேயரும் ஒண்ணா இருக்கிற பொட்டி, அதுக்கு ரெகார்டு ஊசி வாங்கிட்டு வந்தான். குட்டி வெல்வெட் டப்பா, உள்ள பார்த்தா மோதிரம் மாதிரி மின்னுது. எனக்கு ஒரு சென்ட் பாட்டில். அதைத் தெறந்தா தும்மல்தான் வருது, அவன்கிட்ட சொல்லல.

பழைய ஊசியைக் கழட்டிட்டு அவனே இதை மாட்டினான். அன்னையிலேர்ந்து ரேடியோ வச்சா கணீர்னு கேக்குது. ரெகார்டு போட்டா மட்டும் கொசு பாடுற மாதிரி இருக்கு.

"சோடோ டாடி, விட்டுடுங்க. பொட்டி பழசு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாம்."

"நக்கோ, வேணாம். இதுலதான் பாடணும், இந்த ஊசியிலதான் பாடணும்"னு இவர் ஒத்தைக்கால்ல நின்னார்.

யூசுப் பாய் நாலு வாரமா வர்றார். வயரை மாத்தினார், வால்வை மாத்தினார். சத்தம் ஏறல. திட்டுதான் ஏறுச்சு. அந்தத் திட்டும் சும்மா நாள்ல கிடையாது. பிளஸ்ஸன் கொண்டாப்பூர்ல இருக்கிற அவன் வீட்டுலேர்ந்து வர்ற ஞாயித்துக்கிழமையா பார்த்து வரச் சொல்லித் திட்டுவார்.

"போன வருஷம் சர்வீஸ் பண்றேன்னு உள்ள எதையோ கெடுத்துட்டான்டா இவன்."

"ஆமா சார், என் தப்புதான்"னு அவரும் தலையைக் குனிஞ்சுக்குவார்.

நேத்து ஞாயிறு. யூசுப் பாய் சோப்பு டப்பா சைசுல ஒரு பெட்டியைக் கொண்டாந்து ரேடியோகிராமுக்குள்ள வச்சு வயரைச் சேர்த்தார். ரெகார்டு சுத்துச்சு. மாடி வீட்டு ரோகிணி எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பாட்டு.

பிளஸ்ஸன் முகத்தைப் பார்க்கணுமே. "சொன்னேன்ல டாடி, ஊசி நல்ல ஊசின்னு."

"உன் ஊசிக்கு என்னடா குறை? எல்லாம் இவன் பண்ணின கோளாறு."

எனக்குப் பொறுக்கல. யூசுப் பாய் பின்னாடியே கேட் வரைக்கும் ஓடினேன்.

"மன்னிச்சுக்குங்க பாய். இன்னைக்கு அவரை உங்ககிட்ட மன்னிப்பு கேக்க வைக்கலேன்னா நான் ஹில்டா இல்ல."

அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுட்டுச் சிரிச்சார்.

"சாரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. தம்பி வாங்கினது இந்த மெஷினுக்குச் சேராத ஊசி, அதுல சத்தம் கம்மியாத்தான் வரும். பழசை மாட்டினா ஒரு நிமிஷ வேலைன்னு முதல் நாளே சொன்னேன். 'பையன் ஆசையா வாங்கினது யூசுப், அதுலயே பாடுற மாதிரி சத்தம் ஏத்துற பெட்டி ஒண்ணு பண்ணு. அதுவரைக்கும் பழியை உன்மேல போட்டுக்கவா'ன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் சார் திட்டவே ஆரம்பிச்சார்."