நூற்றெண்பது முகங்கள்

"கதவைத் திறங்க தலைவியம்மா. ஊரே வெயில்ல நிக்குது."

ஒரு கையால் கதவைத் தட்டிக்கொண்டே மறுகையிலிருந்த போனைப் பார்த்தான் நெஸ்டோர். நேரலையில் ஆயிரத்து இருநூறு பேர்.

புயல் ஓய்ந்து நான்கு நாள். சமார் தீவின் அந்தக் கடலோர ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. வெளியூர் ஜனங்கள் சேர்த்து அனுப்பிய அரிசிப் பைகள் நேற்று சாயங்காலம்தான் ஊர் மன்றத்தில் வந்து இறங்கின. காலை எட்டு மணிக்குக் கொடுப்பதாகப் பேச்சு. இப்போது மணி பத்து. கதவு உள்பக்கம் தாழ்.

"உள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன் மக்களே," என்றான் போனிடம். "அடுத்த மாசம் தேர்தல். பை மேல அம்மா மூஞ்சி ஏறிட்டிருக்கு."

வரிசையில் சிரிப்பு. அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். புயல் வந்தால் அரிசி வரும். அரிசி வந்தால் அதன்மேல் யாராவது ஒருத்தர் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். போன வருஷம் ஒரு கவுன்சிலர் அப்படித் தன் படத்தை ஒட்டியதை நெஸ்டோர் வீடியோ எடுத்துப் போட, மாகாணமே பார்த்தது. மனுஷன் தேர்தலில் மண்ணைக் கவ்வினார்.

அன்றிலிருந்து மூணு சக்கர வண்டி ஓட்டும் நெஸ்டோருக்கு ஊரில் தனி மரியாதை. அவனுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. நேரலையை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் எதையோ வாங்கிவிட்டான் என்பார்கள்.

மீன் விற்கும் லிகாயா இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"மூஞ்சி ஒட்டட்டும், வால்கூட ஒட்டட்டும் நெஸ்டோர். சீக்கிரமா ஒட்டச் சொல்லு. பிள்ளைக்கு நேத்திலேருந்து வெறும் கஞ்சித் தண்ணி."

 நெஸ்டோர் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினான். அங்கே ஜன்னலைப் புயல் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. தார்ப்பாய்தான் தொங்கியது. அதை விலக்கிப் போனை உள்ளே நீட்டினான்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் ஊர்த் தலைவி ரொஸெல்டா. மடியில் ஒரு அரிசிப் பை. பைமேல் அவருடைய முகமே பளபளவென்று சிரித்தது. சுவரோரம் இன்னும் பல பைகளில் அதே சிரிப்பு.

"மாட்டிக்கிட்டீங்க," என்றான்.

நேரலையில் ஐயாயிரம் பேர் ஆனார்கள். வசவு வந்து குவிந்தது.

ரொஸெல்டா நிமிரவே இல்லை. விரலில் எண்ணெயைத் தொட்டு, பையிலிருந்த முகத்தின் நெற்றியில் தேய்த்தார். பிறகு நகத்தால் சுரண்டினார். காகிதம் சுருண்டு வந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் போட்டார். அங்கே ஏற்கெனவே உரித்த முகங்கள் ஒரு கூடை இருக்கும்.

மூலையில் அவருடைய தம்பி ஃபெலிமோன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னொரு பையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் இவன் பண்ணின வேலை," என்றார் ரொஸெல்டா. "அக்கா ஜெயிக்கணுமாம். காலைல நான் வர்றதுக்குள்ள நூத்தியெண்பது பையிலயும் ஒட்டி வச்சிருக்கான்."

"எல்லாரும் பண்றதுதானேன்னு..." என்று முனகினான் ஃபெலிமோன்.

"வாயைத் திறக்காத. சுரண்டு."

நெஸ்டோர் போனோடு தலையையும் உள்ளே நீட்டினான். "அப்படியே குடுத்திருக்கலாமே. ஜனங்க பசியோட நிக்கிறாங்க."

"குடுத்தா வாங்கிப்பாங்க. ஓட்டுப் போடுற அன்னிக்கு, 'அவ சோத்தைத் தின்னோமே'ன்னு கை தானா என் பேருக்குப் போயிடும். நம்ம ஜனத்தைப் பத்தி உனக்குத் தெரியாதா? ஒரு வேளை சோறு போட்டவங்களைச் சாகுற வரைக்கும் மறக்காது. இது என் சோறு இல்ல தம்பி. உன் போன வருஷத்து வீடியோவை நானும்தான் பாத்தேன்."

"அப்ப கதவை ஏன் பூட்டினீங்க?"

"திறந்து வச்சிருந்தா, ஒட்டுறேனா உரிக்கிறேனான்னு கேட்டுட்டா நீ வீடியோ போட்டிருப்ப?"

 நெஸ்டோருக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. தன் வீடியோ ஒருத்தரைத் தோற்கடித்தது அவனுக்குத் தெரியும். இன்னொருத்தரை இப்படி உட்கார்ந்து உரிக்க வைத்தது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னும் எத்தனை பை?"

"அறுபது இருக்கும்."

ஜன்னல் வழியாக உள்ளே குதித்தான். நேராகப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தான்.

"எல்லாரும் உள்ள வாங்க. ஆளுக்கொரு பையை எடுத்து உரிங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் லிகாயா பிள்ளையை நெஸ்டோர் கையில் திணித்துவிட்டு, இடுப்பிலிருந்து மீன் செதில் சுரண்டும் தகட்டை எடுத்தாள்.

"தள்ளுங்க தலைவியம்மா. உங்க மூஞ்சி என்ன, மீன் செதிலை விடக் கெட்டியா?"

மன்றம் முழுக்கச் சிரிப்பு. ஃபெலிமோனும் சிரித்துவிட்டான். கால் மணி நேரத்தில் அறுபது பையிலும் முகம் போனது. வரிசை நகர ஆரம்பித்தது.

ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் போனுமாக நெஸ்டோர் ரொஸெல்டாவிடம் வந்தான். நேரலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மக்களே, நான் தப்பாப் பேசிட்டேன். தலைவியம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. நல்ல முகத்தையும் நாலு பேர் பாக்கட்டும்."

ரொஸெல்டா எண்ணெய்க் கையால் போனை மெல்ல வரிசைப் பக்கம் திருப்பிவிட்டார்.

"ரெண்டு மணி நேரமா அரிசி மேலேருந்து இந்த மூஞ்சியை உரிச்சிருக்கேன் தம்பி. நீ கொண்டுபோய் உன் வீடியோ மேல ஒட்டிடாத."