ஒரு படித் தவிடு

“தவிட எங்கன வச்சிருக்க, தாயி?” என்று பூசாரி பெத்தணன் கேட்டபோது, வள்ளித்தாய் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் ஒன்றும் இல்லை.

கையில் இருந்த மஞ்சள் பை தொளதொளவென்று தொங்கியது.

புருஷன் ஊர்க்காவலன் அதை வாங்கி உதறினான். தும்மல் வரும் அளவுக்குத்தான் தவிடு மிச்சம் இருந்தது.

இன்றைக்குப் பிள்ளையை மீட்கிற நாள்.

வேல்விழிக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். அந்த வாரமே அவளைக் காளியம்மனுக்கு விற்றுவிட்டார்கள். பிழைக்குமா பிழைக்காதா என்று கிடக்கிற பிள்ளையை அம்மனுக்குக் கொடுத்துவிடுவதும், பிழைத்த பிறகு ஒரு படித் தவிட்டைக் கொட்டித் திரும்ப வாங்கிக்கொள்வதும் அந்த ஊர் வழக்கம். தவிட்டுக்கு மேல் விலை வைத்தால் எமனுக்கு ஆசை வந்துவிடுமாம்.

மீட்கும்வரை அது ஆத்தா பிள்ளை. பெற்றவர்கள் சோறு போடலாம், குளிப்பாட்டலாம். ஏசக் கூடாது, கை நீட்டக் கூடாது. மற்றவர்களுக்கும் அதே சட்டம்தான். ஊரில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவர்கள். காலையில் உள்ளே போய்ச் சாயங்காலம் முழுசாக வெளியே வர வேண்டியவர்கள் ஆத்தாளோடு வம்பு வைத்துக்கொள்வதில்லை.

வேல்விழி இந்தச் சட்டத்தை நன்றாகவே அனுபவித்தாள்.

மாத்திரை கொடுத்த காலத்தில் பசி பசி என்று அடுக்களையைக் காலி செய்தாள். தோசை வரத் தாமதமானால் தட்டு பறந்தது. கம்பெனி போர்மேனை நேருக்கு நேர் பன்னி என்றாள். பெத்தணனின் தொந்தியைத் தட்டி எத்தனை மாசம் என்று விசாரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே திருநீறு பூசிவிட்டார். ஆத்தா பிள்ளையிடம் அவர் வேறு என்ன செய்ய முடியும்.

மாத்திரை நின்றது. முடி முளைத்தது. போன மாதம் வைத்தியமே முடிந்தது.

வாயும் கோபமும் முடியவில்லை. மூன்றாம் வாய்ப்பாடு எங்கேயோ போய்விட்டது. உப்பும் புளியும் வாங்கப் போனால் உப்போடு வந்தாள். சில நாள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கம்பெனிப் பக்கம் வெடியைப் போட்டுச் சோதித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சிவகாசிப் பக்கம் பிறந்துவிட்டு வெடிச் சத்தத்துக்கு அழுகிற பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது.

மதுரை டாக்டரம்மா வள்ளித்தாயை உட்காரவைத்து விளக்கினார். உயிரைக் காப்பாற்ற முதுகுத்தண்டு வழியாகப் போட்ட மருந்து, மூளையின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். மறதி, கோபம், மெதுவாகப் புரிந்துகொள்வது எல்லாம் இன்னும் பல வருஷம் இருக்கலாம். அது திமிர் இல்லை. அவளுக்கு நேரம் கொடுங்கள், பள்ளியிலும் சொல்லுங்கள்.

வள்ளித்தாயும் சொல்லிப் பார்த்தாள். பிரம்பில்லாமல் பாடம் எடுக்காத டியூஷன் வாத்தியார் சோலைமலை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதுதான் வைத்தியம் முடிந்துவிட்டதே என்றார். ஊர்க்காவலன், ரெண்டு போட்டால் வாய்ப்பாடு தானாக வரும் என்று நம்புகிறவன். கெட்டவன் இல்லை, அவனுக்கு அப்படித்தான் வந்தது.

டாக்டரம்மாவின் பேச்சு ஊருக்குள் எடுபடவில்லை. ஆத்தா பிள்ளை என்ற ஒரு சொல் எடுபட்டது. அதுவும் இன்றைக்குத் தவிட்டைக் கொட்டினால் தீர்ந்தது. வாத்தியார் பொங்கல் வாங்குகிற சாக்கில் கோயிலுக்கே வந்து நின்றார்.

“எங்கம்மா தவிட ஆட்டுக்குக் கொட்டிட்டா,” என்றாள் வேல்விழி.

உப்பு, புளி மறக்கிறவளுக்கு இது மறக்கவில்லை. குழாயடியில் ஒரு வெள்ளாடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பெத்தணன் சளைக்கவில்லை. தன் வீட்டுத் தொழுவத்தில் தவிடு கிடக்கிறது, ஆளனுப்பி எடுத்துவரச் சொல்கிறேன் என்றார்.

“வேண்டாம், சாமி. அவ ஆத்தா புள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்.”

சொல்லிவிட்டு வள்ளித்தாய் பிள்ளையை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஊர்க்காவலனுக்கு முகம் சுண்டிப்போனது. ஊர் முன்னால் தன்னைப் பிள்ளையை அடிக்கிற அப்பன் ஆக்கிவிட்டாளே என்ற ரோஷம். யாருக்குப் பயந்து இந்த வேலை செய்தாய், எனக்கா வாத்தியாருக்கா என்று கேட்டான். கேட்கும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

இரண்டு பேருக்கும் பயந்து இல்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது.

காலையில் அவன் பொங்கலுக்கு வெல்லம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வள்ளித்தாய் பிள்ளையைச் செருப்புப் போடச் சொன்னாள். மறுபடி சொன்னாள். கத்தினாள். வேல்விழி ஒரு காலில் செருப்போடு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தோசைக் கரண்டி அடுப்பிலேயே கிடந்து சூடேறியிருந்தது. அதை எப்போது எடுத்தோம் என்று வள்ளித்தாய்க்குத் தெரியாது. பார்த்தபோது அது பிள்ளையின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

வேல்விழி நகரவில்லை, அழவும் இல்லை. நான் இன்னும் ஆத்தா பிள்ளைதானே என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் வள்ளித்தாய். சொல்லும்போதும் கரண்டி கையில்தான் இருந்தது.