கைராசி

பயிற்சி வகுப்பின் திரையில் மார்பகப் புற்றுநோய் அறுவைசிகிச்சை ஓடிக்கொண்டிருந்தது.

“முன்னே மாதிரி அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டியெல்லாம் வழிச்சு எடுக்க வேண்டாம். ரெண்டு மூணு எடுத்துப் பார்த்து, நோய் பரவலேன்னா மிச்சத்தை விட்டுடலாம். பின்னால கை வீங்காது,” என்றார் பேராசிரியர்.

பக்கத்து நாற்காலி டாக்டர், அறுவைசிகிச்சை நிபுணரான அவளிடம் திரும்பினார். “நீங்க எல்லாத்தையுமா எடுத்துட்டு இருந்தீங்க?”

“ஆமா,” என்றாள் அவள். “போன வாரம் வரைக்கும்.”

அதன் பிறகு பேராசிரியர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

மாலையில் வீடு திரும்பியதும் அக்கா டீ கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள். வலது கை விரல்வரை வீங்கிக் கனத்துத் தொங்கியது.

“வகுப்புல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?”

“புதுசா ஒண்ணும் இல்லக்கா.”

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். “கை வீங்காத ஆபரேஷனா?”

தங்கை வாங்கிய டீயைக் கீழே வைத்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு நோய்னு தெரிஞ்சப்பவே பெரிய ஆஸ்பத்திரியில சொன்னாங்க. என் தங்கச்சி கைராசிக்காரி, அவளே பண்ணட்டும்னு நான்தான் எழுந்து வந்துட்டேன். டீயைக் குடி, ஆறிடப்போகுது.”

அவள் குடித்தாள். சூடும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை.